கத்திரி வெயிலில் வைத்த பிகோனியாக்கள்

பாளையங்கோட்டை,
14 ஜூன் 2025, சனிக்கிழமை,
காலை 6.40 மணி.

கடிதம் எண் 1: பதினாறாம் நாளில் உன் செடிகளுக்கு நேர்ந்தது

என் பிரியமுள்ள தம்பி சிதம்பரம்,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ இருந்தவரை உன்மேல் வராத கோபம், ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை நீ காலமான பிறகு வந்திருக்கிறது. உன் பேட்டை வீட்டு நடு அறையில், பழைய மீன் தொட்டிகளுக்குள் நீ வளர்த்த பதினொரு பிகோனியாக்களைப் பற்றி ஒரு வரி எங்காவது எழுதி வைத்தாயா? போர்னியோவின் குகை நிழலில் முளைக்கிற செடி நெல்லையில் பிழைத்திருப்பது கண்ணாடிக்குள் அடைபட்ட ஈரத்தால்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பொய். சொன்னார்கள். உன் மனைவி கோமதி சொன்னாள்.

மே 5, திங்கட்கிழமை, உன் பதினாறாம் நாள். கத்திரி தொடங்கிய மறுநாள். தீட்டுக் கழிய வீட்டைக் கழுவிவிடுவது வழக்கம். முறை என்றால் முழுதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். கட்டில், பாய், பாத்திரம் எல்லாம் மொட்டைமாடிக்குப் போயின. தொட்டிகளையும் தூக்கச் சொன்னேன்.

"அத்தான், அது வெயில் தாங்காதுன்னு அவுக சொல்லுவாக. அத மட்டும் விட்டுருங்களேன்" என்றாள் கோமதி.

"ஒண்ண விட்டா தீட்டு போகுமாம்மா? அர நாளு வெயில்ல என்ன ஆயிரப் போகுது?" என்றேன்.

நம் சித்தப்பா மகன் முருகன் தொட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டான்: "மீனே இல்லாத தொட்டிக்கு லைட்டு வேற! உள்ள வெத்தலையா வளத்தாரு மனுசன்?"

நானும் சிரித்தேன். அதற்காகவே என்னை அறைய வேண்டும்.

மூடிய கண்ணாடி வெயிலில் அடுப்பாகிவிட்டது. இரண்டரை மணிக்கு மாடியேறிப் பார்த்தபோது, நீலமாய் மினுங்கிய இலைகள் வெந்த கீரையாகக் கிடந்தன. பதினொரு செடிகளும்.

கோமதி அழவில்லை. "அவுக போனப்பக்கூட நான் ஒருத்தரையும் ஏன்னு கேக்கல. இத ஏன் அத்தான் செஞ்சிய?" என்றாள். அதன்பின் இந்த நாற்பது நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? முறை என்றா? வாயில்லாத உயிரைக் கொதிக்கும் வெயிலில் வை என்று எந்த முறை சொன்னது? நானல்லவா சொன்னேன்!

அடியில் கிடந்த ஓர் இலையில் பாதி பச்சை எஞ்சியிருந்தது. யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்தேன். நீ ஒருமுறை செய்ததைப் பார்த்த நினைவில் கருகியதை வெட்டி, நரம்பைக் கீறி, ஈரமான தேங்காய்நார்த் தூளின்மேல் படிய வைத்து, டப்பாவை மூடி வடக்கு ஜன்னலோரம் வைத்தேன். ஜூன் 12, வியாழக்கிழமை காலை, கீறிய இடத்தில் கடுகளவு குருத்து.

பதினொன்றில் இது எந்தச் செடி? ஒரு பெயர்ச்சீட்டுக்கூட எழுதாமல் போனாயே, மடையா! கோமதிக்குத்தான் தெரியும்.

இன்று பத்து மணிக்குப் பேட்டைக்குப் போகிறேன். டப்பாவை அவள் கையில் கொடுப்பேன். கதவு திறக்காவிட்டால் நாளையும் அதே பத்து மணிக்குப் போவேன். இனி அந்த வீட்டில் எது இருக்கலாம், எது வெளியே போகலாம் என்று நான் வாய் திறக்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன்னைவிட நான்கு ஆண்டு மூத்தும் புத்தி வராத உன் அண்ணன்,
சங்கரலிங்கம்

இணைப்பு:
1. வெந்த இலை ஒன்று, காகிதத்தில் மடித்தது.
2. டப்பாவின் தினசரிக் குறிப்பு, மே 5 முதல் ஜூன் 13 வரை.
3. கோமதியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியதன் நகல். மூலத்தை அவளிடம் நேரில் கொடுக்கிறேன்.