அப்பாவின் பல்லும் உன் படிப்பும்

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அண்ணனும் அண்ணியும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், இந்தத் தடவை இதை நீ அப்படியே நம்பலாம், மறைக்க எங்களிடம் ஒன்றுமே பாக்கி இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று நீ போனில், இடம் இன்னும் எனக்குத்தாம்மா, வரச் சொல்லிட்டாங்க என்று சொன்னதும் கையில் கரண்டியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அடுப்பை அணைக்க அண்ணிதான் ஓடி வந்தாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரே நிமிஷத்தில் இறங்கிவிட்டது. போனில் பேசினால் எனக்குப் பாதி மறந்துபோகும், மீதிப் பாதியை நீ குறுக்கே பேசி மறக்கடித்துவிடுவாய். உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும், இந்தப் பக்கம் நடந்த கூத்து உனக்கு முழுசாகத் தெரியாது, அதனால்தான் கடிதம்.

இந்தப் பொதுக் கொள்கைப் படிப்புக்காக நீ பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. வேலை முடிந்து வந்து கணக்குப் போட்டுப் பழகினாய், நுழைவுத் தேர்வு எழுதினாய், சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போன புரொபசரைத் துரத்திப் பிடித்தாய். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்களே, அதை நீ எத்தனை தடவை எழுதி எங்களுக்குப் படித்துக் காட்டினாய்! நம் ஊரில் பஸ் நிழற்குடை ஒரு பக்கம் இருக்கிறது, ஜனங்கள் வேறு பக்கம் வெயிலில் நிற்கிறார்கள், நிழற்குடை எங்கே வேண்டும் என்று முடிவு செய்தவர் யார், நிற்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டாரா என்று எழுதியிருந்தாய். பஸ் ஸ்டாண்டிலேயே வேலை பார்க்கிற அப்பாவுக்கு ஒரே கோபம், எங்க பஸ் ஸ்டாண்டு மானத்தை ஊர் ஊரா அனுப்பி வைக்கிறா பாரு என்று கத்திவிட்டு, மறுநாளே அதே கட்டுரையை டிக்கெட் கவுண்டர்க்காரரிடம் ஒரு வரி விடாமல் சொல்லிப் பெருமையடித்துவிட்டு வந்தார். மாடி வீட்டு அம்மா என்னைப் பிடித்து, உங்க பொண்ணு இதைப் படிச்சு முடிச்சா ஆபீசராவாளா, மந்திரியாவாளா என்று கேட்டாள். அரசாங்கம் ஒரு நல்ல காரியத்தை ஆரம்பிக்கிறது, அது ஏன் பாதி வழியிலேயே நின்றுபோகிறது என்று படிப்பாள் என்றேன். அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும், எங்க வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தாலே தெரியுமே என்றாள். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற என்னைப் பார்த்து இதைச் சொல்கிறாள், எவ்வளவு வாய் பார்!

மூன்று இடத்துக்குப் போட்டாய். பெரிய பேர் உள்ள காலேஜ் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது, அதற்காக நீயும் ஒருநாள் அழுது தீர்த்துவிட்டாய், அது போகட்டும். தூரத்து யுனிவர்சிட்டி வா என்றது. அங்கேதான் நகரப் போக்குவரத்துக்கென்று தனிப் பாடம் இருக்கிறது, ஒரு பருவம் முழுக்க நகராட்சி அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், வகுப்பில் ஆளும் குறைவு என்று ஆரம்பத்திலிருந்தே நீ ஆசைப்பட்ட இடம். மூன்றாவது, நம் ஊரிலேயே இருக்கிற காலேஜ். எதற்கும் இருக்கட்டும் என்று நீ போட்டு வைத்தது. அதுவும் வா என்றது.

இனி அப்பா கதைக்கு வருகிறேன். உனக்குத் தூரத்து இடம் கிடைப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவருக்கு மேல் வரிசைப் பல் பூராவும் ஆட்டம் கண்டு, பல் டாக்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறியதும் புது செட் வைத்துவிட்டார். பல் போனது அவருக்குப் பெரிதில்லை. ச, ஸ வருகிற எந்த வார்த்தையைச் சொன்னாலும் விசில் அடித்தது, அதுதான் பெரிது. நீயே யோசி, பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து வண்டி அறிவிப்பதுதான் இந்த மனுஷனுக்கு வேலை, குரல்தான் அவருடைய சொத்து, பஸ் என்ற வார்த்தையிலேயே விசில் வந்தால் அவர் என்ன செய்வார். லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். உன்னிடம் பேச வேண்டி வந்தால் அந்த வார்த்தைகளை எல்லாம் சுற்றிக்கொண்டு போவார். சாப்பிட்டியா என்று கேட்காமல் அவர் உன்னிடம் பேசிவிட்டு போனை வைத்ததே கிடையாது, இப்போது வயித்துக்கு ஏதாவது போட்டியா என்று கேட்டார். சனிக்கிழமை வெள்ளிக்கு மறுநாள் ஆனது. கூடத்தில் உட்கார்ந்து நானும் அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவளுக்குத் தெரிய வேண்டாம், பழகினதும் நானே சொல்றேன் என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எது நடந்தாலும் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது நம் வீட்டு வழக்கம்தானே, அண்ணனுக்குக் கை முறிந்ததை மாவுக்கட்டு பிரித்த பிறகுதானே உனக்குச் சொன்னோம். இதுவும் அந்த மாதிரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

தூரத்து இடம் கிடைத்தது என்று நீ கத்திக்கொண்டு போன் செய்தாயே, அன்றைக்கு அவர் வழக்கம்போல சந்தோஷம்டா கண்ணு என்று கூவியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மேடையில் பேசுகிறவர் மாதிரி, மகிழ்ந்தேன் என்றார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அதைக் கேட்டு நீ அங்கே வேறு என்னவோ நினைத்துக்கொண்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் நீ ஒருநாள் போன் செய்து, எல்லாம் யோசிச்சுட்டேன்மா, நம்ம ஊர் காலேஜுக்கே வரேன், அங்க வரலைன்னு எழுதிட்டேன் என்றாய். காரணத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுச் சொன்னாய். எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்கிறவர்களில் யாராவது காரணத்தை இப்படி வரிசையாக அடுக்கினால், உண்மையான காரணம் அந்த வரிசையில் இருக்காது, இத்தனை வருஷத்தில் நான் கற்றது அது ஒன்றுதான். மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு அந்த காலேஜுக்கே போனேன். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன், மரமெல்லாம் வைத்திருக்கிறார்கள், நூலகம் பெரிது. விசாரணை மேஜையில் இருந்த பெண்ணிடம், பஸ், சாலை, ஊர்ப் போக்குவரத்து பற்றி என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன். அவளும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இங்க வரியும் பட்ஜெட்டும்தான் ஆன்ட்டி முக்கியம், நீங்க கேக்கறது இல்லையே என்றாள். என் பெண் இங்கே வந்து இரண்டு வருஷம் வரியைப் படிக்கப் போகிறாளா என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த வாரத்தில்தான் அண்ணி குட்டை உடைத்தாள். நீ அவளுக்கு அனுப்பிய மெசேஜை என்னிடம் காட்டினாள். அப்பாவுக்கு லேசா பக்கவாதம் வந்திருக்கு, வார்த்தையெல்லாம் மறந்துபோகுது, குழறுது, அம்மா மறைக்கிறாங்க, நீங்க பிசியோதெரபி பார்க்கிறவங்கதானே அண்ணி, பேச்சுப் பயிற்சிக்கு யார்கிட்ட காட்டறீங்க, நான் வந்து பார்த்துக்கறேன் என்று எழுதியிருந்தாய். முதலில் நான் சிரித்தேன், நிஜமாகவே சிரித்தேன். பிறகு அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படித்தேன், அழுகை வந்துவிட்டது. நீ ஆசைப்பட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏன் என்று ஒருவரிடமும் சொல்லாமல், தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்திருக்கிறாய். பாவி மகளே, ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தாலும் நாங்கள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்போம், அதுவும் எனக்குத் தெரிகிறது.

அப்பா வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன், மனுஷனுக்கு முகமே செத்துவிட்டது. என் பல்லுக்காகவா அவ படிப்பை விட்டா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு அவரே போனை எடுத்தார், அவரே உன் நம்பரைப் போட்டார். பயணிகளின் அன்பான கவனத்திற்கு என்று ஆரம்பித்து, சனிக்கிழமை, சட்டை, சம்பளம், சாம்பார், பஸ், சந்தோஷம் என்று உனக்கு வரிசையாக விசில் அடித்துக் காட்டினாரே, அதைக் கேட்டு நீ சிரித்ததும் அழுததும் எங்களுக்கும் கேட்டது. எனக்கு ஒண்ணும் இல்லடா, எனக்காக வர்றதா இருந்தா வராத, இந்த ஊர்ப் படிப்பு வேணும்னு வந்தா வா, இல்லைன்னா இப்பவே அந்த யுனிவர்சிட்டிக்கு எழுது என்று அவர் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். உனக்குத் தெரியாதது ஒன்று. போனை வைத்த பிறகு பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார்.

வரவில்லை என்று எழுதிக் கொடுத்த இடத்துக்கு மறுபடியும் வருகிறேன் என்று நீ எழுதியதிலிருந்து நேற்று வரைக்கும் இந்த வீடு வீடாக இல்லை. வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்களோ, அடுத்த வருஷம் திரும்ப முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டுமோ, இவள் மனசு விட்டுவிடுவாளோ என்று ஒரே ஓட்டம். எந்த நினைப்பில் இருந்தேனோ, ஒரு அம்மா தெருவில் தண்ணீர் வரவில்லை என்று சொன்ன புகாருக்கு நம் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். குழாய் ரிப்பேர்காரர் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டி, மேடம், உங்க வீட்டுலயே தண்ணி இல்லையா என்று கேட்டார். அலுவலகத்தில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். விசில் முழுசாகப் போகவில்லை, டாக்டர் செட்டை இரண்டாவது தடவை தேய்த்துச் சரிசெய்திருக்கிறார். டிக்கெட் கவுண்டர்க்காரர், இத்தனை நாள் கத்திக் கத்திக் கூப்பிட்டீங்க, இப்ப விசில் அடிச்சதும் கூட்டமே திரும்பிப் பார்க்குது என்று சொன்னாராம். அப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, மூன்றாம் நாள் டீ வாங்கிக் கொடுத்து ராஜியாகிவிட்டார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தால் இதுவும் மறைத்த கணக்கில் சேர்ந்துவிடும். நீ இங்கே வருகிறேன் என்று சொன்னபோது, மனசு கேட்கவில்லை என்று எழுதினேனே, அதற்கு முன்னால் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். உன் அறையில் அடைத்து வைத்திருந்த பெட்டிகளை எல்லாம் எடுத்தேன், திரையைத் துவைத்தேன், மெத்தையை வெயிலில் போட்டேன். சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது நீ வீட்டில் இருப்பாய் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை எழுதும்போதும் அந்த ஆசை போகவில்லை. ஆனாலும் நீ அங்கே போவதுதான் எனக்கு நிம்மதி, இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதே. இனிமேல் இங்கே யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே உனக்கு போன் வரும், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நீயும் எங்களைப் பற்றி மனசுக்குள் கற்பனை செய்துகொண்டு முடிவெடுக்காமல் நேராகக் கேள்.

வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தப் புள்ளியியல் கணக்கை ஒரு சுற்று பார்த்துவிடு, பள்ளிக்கூடத்தில் உன்னை அழ வைத்தது அதுதான். புரியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேள், தெரிந்த மாதிரி தலையாட்டாதே. குளிருக்கு நல்ல கோட்டாக ஒன்று வாங்கிக்கொள், இரண்டு மலிவுக் கோட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்காதே. நகராட்சி அலுவலகத்தில் உட்காரும்போது புகார் வாங்குகிறவர்களிடம் முதலில் போய்ப் பேசு, அவர்களுக்கும் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். நீ நல்லபடியாகப் படித்து, நல்ல பேர் எடுத்து, நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, நம் ஊர் காலேஜுக்கு வரவில்லை என்று நாளைக்கே எழுதி அனுப்பு. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே. அந்த இடத்துக்காக இங்கே யாரோ ஒரு பெண் காத்துக்கொண்டு இருப்பாள். அவளுடைய அம்மாவும் அறையைத் துடைத்து வைத்திருப்பாள். அவளாவது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா