வலது கையும் உப்பு ஒத்தடமும்

அக்கா,

இன்று காலை மாமி தன் முழங்காலுக்கு உப்பு வறுத்தார். இரும்புச் சட்டியில் கல்லுப்பு படபடவென்று வெடிக்கத் தொடங்கியதுமே, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அந்த வாசனை அங்கேயும் வந்தது. மாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உனக்கு இல்லம்மா, எனக்குத்தான்" என்றார். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். பயமெல்லாம் இல்லை அக்கா. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்து உங்களுக்காக அழ முடியாது, அவ்வளவுதான்.

நேற்றிலிருந்து கை கனக்கிறது. வலது கைதான், வேறெது. நீங்கள் செய்வீர்களே, அதுபோலக் கட்டைவிரலால் முழங்கைக்குக் கீழே அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, மேலே வர நேரம் எடுத்தது. ஏன் இப்படிக் கனக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் எழுதினாலே விரல் விறைக்கிறது, விட்டு விட்டுத்தான் எழுத முடிகிறது.

சுனாமி வந்து போன அடுத்த மாதங்களில்தானே நாம் பழகினோம்? 2004-இல் எனக்கு ஆபரேஷன் ஆகி, முடியெல்லாம் கொட்டி, ஊசி மருந்தும் முடிந்து, கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைத்துக்கொள்ளப் புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். நீங்கள் மரக்காணத்தில் ஏறி வருவீர்கள், நான் கூனிமேட்டில் ஏறுவேன். முதல் நாள் புர்காவுக்குள் கையை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஏறியதைப் பார்த்தீர்கள். தலையில் துண்டு கட்டிய, வெயிலில் கறுத்த ஒரு அம்மா என்னை முறைத்துப் பார்க்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நீங்கள் சட்டென்று எழுந்து நின்றுகொண்டு, "எனுக்கு இடது. உனுக்கு வலதுதான? அப்ப நீ ஜன்னல் பக்கம் போ" என்றீர்கள்.

பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அன்றிலிருந்து இடது வரிசையில் அந்த சீட்டுதான் நமக்கு. ஜன்னல் கம்பியில் என் நல்ல தோள், போகிறவர் வருகிறவர் இடிக்கிற பக்கம் உங்கள் நல்ல தோள். வெட்டுப்பட்ட பக்கம் இரண்டும் நடுவில் பத்திரமாக வந்துவிடும். "நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழுப் பொம்பள தேறும் பாயம்மா" என்று நீங்கள் சொன்னதும், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும், கண்டக்டர் திரும்பிப் பார்த்ததும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

புர்காவை வைத்து நீங்கள் என்னைப் படுத்தியபாடு கொஞ்சமா? "உனுக்கு இன்னா, மேல இருந்து கீழ திரை போட்டுட்ட. நான் மொட்டைத் தலையோட போனா, மேல்மலையனூருக்கு முடி குடுத்தியான்னு கேக்கறாங்க. ஆமான்னு சொல்லிடறேன். சாமிக்கும் சந்தோஷம், எனுக்கும் சந்தோஷம்." எனக்கு எதைத் தின்றாலும் ருசி தெரியவில்லை என்று அழுதபோது, "உப்பளத்துலயே கெடக்கறேன், எனுக்கே உப்பு தெரியலடீ" என்றீர்கள். அதற்குப் பிறகு எப்படி அழுவது?

உங்களிடம் சொன்னதை என் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. தெருவுக்கு என் நோயின் பெயர் கர்ப்பப்பை ஆபரேஷன். மாமிதான் வைத்தார். என் மகளுக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. "தாய்க்கு இருக்குன்னு தெரிஞ்சா மகளுக்கும் வரும்னு ஓடிருவாங்க. வாயத் தெறக்காத" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பால் ஆற்றிக் கொடுத்ததும், வாந்தி அள்ளியதும் அவர்தான். ஆனால் யாராவது வந்தால் என்னை உள்ளறைக்குப் போகச் சொல்லிவிடுவார். சுனாமியில் அவரவர் பாடே பெரும்பாடாக இருந்த நேரம், யாரும் துருவிக் கேட்கவும் இல்லை. நான் உள்ளேயே இருந்து பழகிவிட்டேன்.

நீங்கள் என் வீட்டுக்கு முதலில் வந்தபோதுகூட, உப்பு விற்கிற அம்மா என்றுதானே சொன்னேன்? அதற்காகவே ஒவ்வொரு தடவையும் ஒரு பையில் உப்போடு வருவீர்கள். வீட்டில் உப்பு சேர்ந்து, மாமி ஊறுகாய் மேல் ஊறுகாயாகப் போட்டுத் தள்ளினார்.

கரண்ட் வைத்து முடித்ததும் எல்லோரும் "முடிஞ்சிருச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். எனக்கோ அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. தினமும் விழுங்கச் சொன்ன மாத்திரையில் உடம்பு திடீர் திடீரென்று பற்றி எரியும். நாற்பது வயதுகூட ஆகவில்லை, மாதவிலக்கு நின்று கிழவிக்கு வருகிறதெல்லாம் வந்தது. விரல் நுனி மரத்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை மெல்ல மெல்ல வீங்கி, ஜாக்கெட் கை ஏறவில்லை. கொஞ்சம் மாவு பிசைந்தால் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும். "இன்னும் என்ன உனக்கு?" என்று கேட்பார்கள். என்ன என்று சொல்வது? பிழைத்ததற்கு நன்றி இல்லாதவள் போல ஆகிவிடாதா?

அந்தக் கையில்தான் வளையலும் இருந்தது. நிக்காஹ் அன்று மாமி போட்ட தங்கவளையல். புருஷன் சபரில், வெளிநாட்டில், இருக்கும்போது பெண்டாட்டி கை வளையலைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆபரேஷனுக்கு அவர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்ததால் கழற்றினோம். அவர் திரும்பிப் போகிற அன்று மாமி சோப்பு நுரை போட்டு ஏற்றிவிட்டார். அப்போதே லேசான வீக்கம் இருந்திருக்கிறது, யார் கண்டது? பிறகு என்ன செய்தும் இறங்கவில்லை. இந்தக் கையில் நகை போடாதே, ஊசி போடாதே, சூடு படாமல் பார்த்துக்கொள் என்று நர்ஸம்மா சொன்னதை நாம் இருவரும் சேர்ந்துதான் கேட்டோம்.

ஆனால் சூடு என்றால் என்ன? நமக்கு அடுப்பு சூடு, வெயில் சூடு. உப்பு ஒத்தடத்தை யாராவது சூடு என்று சொல்வார்களா? கால் பிசகினால் ஒத்தடம், பல் வீங்கினால் ஒத்தடம், பிள்ளைக்குக் கழுத்துப் பிடித்தால் ஒத்தடம். உப்பளத்து ஊரில் வீக்கம் என்று ஒன்று இருந்தால் அதற்கு வேறு என்ன செய்வது? "நல்ல புது உப்பு, இப்பதான் பாத்தியில இருந்து வாரினது. நீரெல்லாம் இழுத்துரும்" என்று நீங்கள் சொல்ல, மாமி ஓடிப்போய்ச் சட்டியை வைத்தார். நீங்களும் மாமியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் அக்கா.

துணியில் முடிந்து மேல்கையின் உள்பக்கமாக வைத்தீர்கள். அந்த இடம் ஆபரேஷனிலிருந்தே மரத்துப் போயிருந்தது. "சுடுதாமா?" என்று கேட்டீர்கள். "இல்லக்கா, இன்னும் கொஞ்சம் சூடா வைங்க" என்று சொன்னதே நான்தான். சாயங்காலம் தோல் கொப்பளித்து வந்தது. அடுத்தடுத்த நாட்களில் கை சிவந்து, காய்ச்சல் நடுக்கி எடுத்து, வளையல் சதைக்குள் புதையத் தொடங்கியது.

வெட்டச் சொன்னேன். மாமி மாட்டேன் என்றார். "என் புள்ள கடல் தாண்டி இருக்குறான். அவன் உசுரோட இருக்கும்போதே ஒன் கை வளையல வெட்டுறதா? வெள்ளிக்கிழமை போன் வரும். அவன் ஒரு வார்த்த சொல்லட்டும்." ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்றார். ஆட்டோ கூப்பிட்டால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்பது வேறு. என் கையைப் பார்த்துக்கொண்டே உள்ளறையில் கிடந்தேன். விரல்கள் நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தன. கேன்சருக்குத் தப்பி வளையலுக்குச் சாகப் போகிறோமே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

செக்கப்புக்கு நான் பஸ்ஸில் ஏறாததைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே இறங்கி வந்தீர்கள். கையில் அன்றும் உப்புப் பை. என்னைப் பார்த்தீர்கள், கையைப் பார்த்தீர்கள், கொப்பளத்தைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு நேராக வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் கத்தினீர்கள்.

"ஆட்டோ யாரு வெச்சிருக்கீங்க, வாங்கப்பா! இந்தப் பொண்ணுக்கு மார்ல கேன்சர் ஆபரேஷன் பண்ண கை. சீழ் புடிச்சிக்கினு சாவக் கெடக்குது. எனுக்கும் அதே கேன்சர்தான், இது இன்னா ஒட்டிக்கவா போவுது? வந்து தூக்குங்க!"

மாமி வாயில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. ஆட்டோவும் வந்தது. ஏறியதும் உங்களைத் திட்டித் தீர்த்தேன். "என் குடியக் கெடுத்துட்டீங்களேக்கா, எம் மகள இனி யாரு கட்டுவா?" நீங்கள் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "குடிய அப்புறம் பாத்துக்கலாம். கைய மேல தூக்கிப் புடி" என்றீர்கள். காலாப்பட்டு தாண்டிய பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, "என் உப்புதான் பண்ணுச்சு" என்றீர்கள். எனக்குக் காய்ச்சலில் பேச நாக்கு எழவில்லை.

ஆஸ்பத்திரியில் குட்டி ரம்பம் மாதிரி ஒன்றை வைத்து வளையலை அறுத்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தார். மாமி அழுதுகொண்டே சொன்னதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "வளையல் போனா போகுதும்மா, வேற வாங்கிக்கலாம். இதுக்கா என்னைக் கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தீங்க?" அன்று மாமி சாப்பிடவில்லை.

கோட்டக்குப்பத்துக்காரர்கள் ஓடித்தான் போனார்கள். மகள், "நல்லதாப் போச்சு, நான் ப்ளஸ் டூ படிக்கிறேன்" என்றாள். தெருவில் இரண்டொரு பேர் என் வீட்டு டீயைக் குடிப்பதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுக்குப் பயந்து நானே உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். முன்பு மாமி அனுப்பினார், இப்போது யாரும் அனுப்பவில்லை, அதுதான் வித்தியாசம். நீங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தீர்கள், வெறுங்கையோடு. அதன் பிறகு நீங்கள் எனக்கு ஒரு கல் உப்புக்கூடக் கொண்டு வரவில்லை.

முதுகு வலிக்கிறது என்றீர்கள். கூடை தூக்கியதால் என்றீர்கள். தூக்காதீர்கள் என்றால், "மழ வந்துட்டா அளத்துல வேல ஏது? இருக்கும்போதே தூக்கிக்கணும்" என்றீர்கள். நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் உங்களைப் பார்க்க வந்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு, மாமியிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். படுத்த படுக்கையிலிருந்து கையை நீட்டி, என் கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "பரவால்ல, வத்தியிருக்குது" என்றீர்கள். நான் உங்கள் காலை அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. போர்வையை இழுத்து மூடிவிட்டேன், நீங்கள் பார்க்கக் கூடாது என்று. பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் போன செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. முகம் பார்க்கவில்லை. "உங்க உப்பு பண்ணல அக்கா, சூடா வைங்கன்னு கேட்டதே நான்தான்" என்று சொல்ல வைத்திருந்தேன். அது அப்படியே நெஞ்சில் கிடக்கிறது.

சரி, கை விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் எதிர்வீட்டுப் பெண் கொல்லைக்கதவு வழியாக வந்தாள். என் வீட்டு டீயைக் குடிக்காதவர்களில் ஒருத்தி. சின்ன வயசு. கதவைச் சாத்திவிட்டு, "ஆயிஷா அக்கா, கட்டி மாதிரி தட்டுப்படுது. யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கி அந்தம்மா கத்தினது ஞாபகம் வந்துச்சு, அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தாள்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நம் சீட்டு காலியாக இருந்தது. நான் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் போகப் பார்த்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை உள்ளே போகச் சொன்னேன். உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் என் வலது கை வழியில் இருக்கும் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பை இடித்தது, முழங்கை இடித்தது, கண்டக்டர் இடுப்பு இடித்தது. மாறி உட்காரலாம்தான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள், எழுப்ப மனம் வரவில்லை.

காலாப்பட்டில் ஏறிய ஒருத்தர் சாக்குமூட்டையோடு வந்து கையிலேயே மோதினார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. "பாத்து வாங்கண்ணே!" என்று கத்தினேன். "கேன்சர் ஆபரேஷன் பண்ண கை இது!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது அக்கா. என் வாயால் அந்த வார்த்தையை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த மனுஷன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, புதுச்சேரி வரும்வரை என் பக்கத்தில் யாரும் இடிக்காதபடி நின்றுகொண்டே வந்தார். எதிர்வீட்டுப் பெண் கம்பியை விட்டுவிட்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

கை ரொம்பக் கனக்கிறது, போதும். வருகிற வாரம் ரிப்போர்ட் வாங்க மறுபடி போக வேண்டும். ஜன்னல் பக்கம் அவளுக்குத்தான்.