பதினைந்தை இருபத்தைந்தாக எண்ணினேன்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே பிளேன்டீ குடிக்கும் என் அண்ணாவுக்கு,

மஹய்யாவ ஸ்டூடியோவில் உன் கதிரையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். நீ எடுத்த கல்யாண வீடியோக்களை எல்லாம் வெட்டி முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது வருபவை வேறு யாரோ எடுத்தவை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிலிமத்தலாவையில் லொறி உன் மோட்டார் சைக்கிளில் மோதியது ஒரு கடைக் கமராவில் பதிவாகியிருந்தது. அந்த ஃபைல் பொலிஸாருக்குத் திறக்கவில்லை, என்னிடம் கொண்டுவந்தார்கள். வேறு யார் கையும் படக்கூடாது என்று நானே உட்கார்ந்தேன்.

நம் கல்யாண வேலை எல்லாம் செக்கனுக்கு இருபத்தைந்து ஃபிரேம், அதாவது இருபத்தைந்து படம். கைப்பழக்கத்தில் இதையும் அப்படியே போட்டேன். ஒரு லைட் கம்பத்திலிருந்து அடுத்ததற்கு நீ வர முப்பது ஃபிரேம். எடிட்டிங் திரையில் நேரம் காட்டும் டைம்கோட் ஒரு செக்கனைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. மோட்டார் சைக்கிள்காரர் மிக வேகமாக வந்தார் என்று பொலிஸாருக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். படத்தில் உனக்குப் பின்னால் குடையோடு போனவர்கள் எல்லோரும் ஓடினார்கள். மழைக்கு ஓடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"அவரு இந்த ரோட்டுல நாப்பதுக்கு மேல போகவே மாட்டாரு. நீயுமா இப்படி எழுதிக் குடுத்த?" என்றார் அண்ணி. அதோடு என்னிடம் பேச்சில்லை. லொறிக்காரர் தரப்பு என் தாளைத்தான் நீதிமன்றத்தில் நீட்டுகிறது.

போன வாரம் மறுபடி பார்த்தேன். படத்தின் மூலையில் கமராவின் கடிகாரம் ஒரு செக்கன் நகர்வதற்குள் பதினைந்து ஃபிரேம்தான் இருந்தது. டைம்கோட் நேரத்தைப் பார்த்து ஓடுவதில்லை அண்ணா, ஃபிரேமை எண்ணுகிறது, அவ்வளவுதான். செக்கனுக்கு எத்தனை என்று நான்தான் அதற்குப் பொய் சொல்லியிருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

பதினைந்தில் ஓட்டினேன். குடைக்காரர்கள் நடந்தார்கள். அதே கம்பங்களைக் கடக்க உனக்கு முழுதாக இரண்டு செக்கன். அண்ணி சொன்ன மாதிரியே மெதுவாக வந்தாய்.

ஆனால் லொறியைக் கண்டு நீ காலை ஊன்றப் பார்ப்பதும் மெதுவாகத்தான் நடக்கிறது. சாகப்போகிறோம் என்று உனக்கு எவ்வளவு நேரம் தெரிந்திருந்தது?

வழக்கின் அடுத்த தவணைக்குப் போகிறேன். என் கணக்குத் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். பதினைந்தில் ஓட்டிக் காட்டுவேன். அண்ணி விட்டால் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். நீ விழுந்து முடியும் வரை கண்ணை மூட மாட்டேன்.

உன்னை வேகமாக ஓட்டவைத்த
தங்கச்சி