போன் பேச ஒரு மூலை

இன்று காலை வந்தவாசி ரோட்டில் ஒரு வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். கான்கிரீட் போட்ட தூண்களுக்கு ஈரக் கோணிப்பையைச் சுற்றிவிட்டு மேஸ்திரி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நனைந்த கோணியின் வாசம் உனக்குத் தெரியுமே, தவிடும் புழுக்கமும் கலந்த வாசம். அது மூக்கில் ஏறியதும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. மேஸ்திரி கம்பி கட்டுவது பற்றி ஏதோ கேட்டார். "நீங்களே பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் அப்படிச் சொல்கிற ஆளில்லை. அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

எங்கே போகிறேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. போளூர் ரோட்டில் நான் கட்டிய விடுதிக்குத்தான். பெண்கள் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் கண்டுபிடித்த சாக்குகளைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அங்கே மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், போன் பேச நாம் நினைத்த மூலைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதில் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா, இல்லை துடைப்பமும் பக்கெட்டும் குடியேறிவிட்டனவா? அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயம். அது போய்விட்டால் நீ இரண்டாம் தடவை போன மாதிரி இருக்கும்.

ஆர்க்கிடெக்சர் படித்த மூன்றாம் வருஷம் நம் இருவருக்கும் சேர்த்து அந்த பிராஜெக்டைக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு நம் ஊரில் ஒரு விடுதி. நான் மளமளவென்று வெளித்தோற்றத்தை வரைந்து, நிழல் எல்லாம் போட்டு முடித்துவிட்டேன். நீ இன்னும் ஒரு சுவர்கூட வரைந்திருக்கவில்லை. வெள்ளைத் தாளில் ஆட்களை மட்டும் வரைந்து வைத்திருந்தாய். நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸ் ஒருத்தி. பேப்பர் திருத்தும் டீச்சர் ஒருத்தி. துணியைத் துவைத்துவிட்டு எங்கே உலர்த்துவது என்று பக்கெட்டோடு நிற்கும் இன்னொருத்தி. "முதல்ல ஆளைப் போடு, அப்புறம் சுவரைப் போடு" என்பாய். நர்ஸின் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் கட்டிலைத் திருப்பினாய். டீச்சரின் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தினாய். உள்ளே இருக்கும் ஒவ்வொரு இடமும் யாரோ ஒருத்தியின் அவஸ்தையிலிருந்துதான் உனக்குக் கிடைத்தது.

என் வரைபடத்தைப் பார்த்து, "சூப்பரா இருக்குதுடி. உள்ள இருக்கிறவளுக்கு போன் வந்தா எங்க போவா?" என்று கேட்டாய். ரூமில் பேசுவாள் என்றேன்.

"ரூம்ல இன்னும் மூணு பேரு இருக்காங்களே."

"காரிடார்ல பேசட்டும்."

"காரிடார்ல வார்டன் நடந்துகினு இருப்பாங்க."

"மொட்டை மாடிக்குப் போவட்டும்."

"பூட்டிடுவாங்கடி. மழை வந்தா இன்னா பண்ணுவா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டிலுக்கு அளவு உண்டு, அலமாரிக்கு அளவு உண்டு, வாஷ்பேசினுக்குக்கூட உண்டு. ஒருத்தி போனில் பேசுவதற்கு எந்தப் புத்தகத்திலும் அளவு இல்லை. ஆனால் உனக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கூடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும், மிச்சமிருந்த இடத்தில் நீங்கள் எல்லோரும். யார் என்ன முணுமுணுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். போன் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாய். தெருவில் உள்ளவர்களோ, "இன்னா பாப்பா, லைன்ல யாரு?" என்பார்கள். அதனால் ஆற்றுப் பாலம்வரை நடந்துகொண்டே பேசுவாய். காலேஜில் சீட் கிடைத்ததைக்கூடப் பாலத்தின்மேல் நின்று, லாரி இரைச்சலில் கத்தித்தான் என்னிடம் சொன்னாய்.

அப்படித்தான் நம் விடுதியில் ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் ஒரு மூலை வந்தது. சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். காலை மடக்கி ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு மேடை, ஒரு சின்ன ஜன்னல். அவ்வளவுதான்.

தாளில் பார்த்து உனக்குத் திருப்தி வரவில்லை. உன் மாமா வேலை பார்த்த ரைஸ் மில்லுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். நெல் காயவைக்கும் களத்தில் முழு அளவில் விடுதியின் உள்பக்கத்தைக் கோலமாவால் வரையத் தொடங்கினோம். நான் டேப்பைப் பிடித்தேன், நீ குனிந்தபடி கோடு இழுத்துக்கொண்டே போனாய். திரும்பிப் பார்த்தால் வார்டன் அறையைக் காணோம். அசல் அரிசி மாவு. மில் புறாக்கள் வரிசையாகக் கொத்திக்கொண்டு நம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன. "அடியேய், புறா நம்ம பில்டிங்க தின்னுகினு வருதுடி!" என்று நீ கத்தியதில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். கடைசியில் அவர்களே பரிதாபப்பட்டு, கோடு இருந்த இடத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கி மூன்று பக்கமும் சுவர் எழுப்பிக் கொடுத்தார்கள். நாம் டீ வாங்கிக் கொடுத்தோம்.

நீ அந்த மூட்டைச் சுவருக்குள் போய் உட்கார்ந்தாய். "நான் பேசறேன். நீ படி வர்ற இடத்துல நின்னு கேளு." நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. "ஒண்ணும் கேக்கலடி!" என்று கத்தினேன். நீ ஜெயித்த முகத்தோடு எழுந்தபோது, பின்பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, உங்க சாரை இந்தத் திட்டு திட்டற? அவருக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல?" ஜன்னலுக்காக நாம் விட்ட சந்து வழியாக அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கிறது. நீ மூட்டையிலேயே சாய்ந்து சிரித்தாய். தலைமுடியெல்லாம் தவிடு.

வரைபடங்களைப் பார்த்து மார்க் போட வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மூலையைப் பேனாவால் தட்டி, "இது என்னம்மா, லவ்வர்ஸ் கார்னரா?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நீ அசரவில்லை.

"சார், நீங்க ஹாஸ்டல்ல இருந்தப்போ வீட்டுக்கு போன் பண்ணி எங்க நின்னு அழுதீங்க?"

"நான் அழலையே."

"அப்போ இடம் இருந்திருக்காது சார்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மூட்டைச் சுவரின் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அரிசி மூட்டை சத்தத்தை முழுங்கும்மா. செங்கல் முழுங்காது. நீங்க இங்க பேசினா கிணத்துல பேசற மாதிரி கீழ வரைக்கும் கேட்கும்" என்றார். நியாயமான பேச்சு. ஊர் திரும்பும் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டியதும், "செங்கல் முழுங்காதுல்ல" என்று மட்டும் சொன்னாய். மார்க் போனது பற்றி உனக்குக் கவலையே இல்லை. எனக்கு இருந்தது.

படிப்பு முடிந்து நான் ஊரிலேயே போர்டு மாட்டினேன். நீ சென்னையில் ஆபீஸ்களுக்கு இன்டீரியர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாய். ஒரு நாள் போன் செய்து, "ஐடி கம்பெனிக்கு போன் பேசறதுக்குன்னே கண்ணாடிப் பெட்டி வரைஞ்சுகினு இருக்கேன்டி. உள்ள துணி ஒட்டி, கதவு வெச்சு. ஒருத்தரும் லவ்வர்ஸ் கார்னரான்னு கேக்கல!" என்று பொருமினாய். நம் விடுதிக்கும் கதவு வைத்திருக்கலாமோ என்றேன். "நம்ம பொண்ணுங்களுக்குக் கதவு குடுக்கமாட்டாங்க. கதவே இல்லாம செய்யணும். படிக்கு முதுகைக் காட்டி உக்கார வை. வாயை வெளிப்பக்கம் திருப்பு. எந்தப் பக்கம் இரைச்சலோ அந்தப் பக்கம் ஜன்னலை வை" என்று மூச்சுவிடாமல் சொன்னாய். இத்தனை வருஷமும் அதையே அசைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஒரு பட்டுக்கடைக்காரர் தன் கடையில் வேலை செய்யும் பெண்களுக்கும், வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கும் விடுதி கட்ட வேண்டும் என்று என்னைத் தேடி வந்தபோது, நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இடத்தைக் காட்டினார். "பின்னாடி ரைஸ் மில்லு மேடம். மோட்டார் ஓடிகினே இருக்கும், அது ஒண்ணுதான் குறை" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வார்டனாக வரப்போகிற மெர்சி அக்கா, செங்கல் வேலை நடக்கும்போதே ஆஜராகிவிட்டார். பள்ளிக்கூட விடுதி ஒன்றில் பல வருஷம் பெண் பிள்ளைகளை மேய்த்து ஓய்வு பெற்றவர். மூலைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா இது, மாடிக்கு மாடி பொந்து வெச்சிருக்க? பொண்ணுங்க உள்ள பூந்துகினு மணிக்கணக்கா பேசுவாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அவங்க அப்பா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார். முதலாளி தலையை ஆட்டி, "ஜல்தியா அடைச்சுடுங்க மேடம்" என்றார். முதல் மூலையில் செருப்பு ஸ்டாண்ட் வந்தது. இரண்டாவதில் வாட்டர் ஃபில்டர். கடைசியை அடைக்கச் செங்கலை மேலே ஏற்றியாகிவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. முதலாளி கிளம்பிய பிறகு மெர்சி அக்காவை மேலே கூட்டிப்போனேன். அந்தச் செங்கல் அடுக்கின்மேல் நானே உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்ட அந்த நாளை. "ரிப்போர்ட் வந்துடுச்சுடி" என்று தொடங்கினாய். மெதுவாகத்தான் பேசினாய், ஆனால் சுற்றிலும் எல்லாம் எதிரொலித்தது. "படிக்கட்டுல உக்கார்ந்துகினு பேசறேன். அம்மா வார்டுல என் கட்டில்கிட்ட இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் சொல்லல." டாக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தாய். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்டி..." என்றாய். அப்போது காலடிச் சத்தம் கேட்டது. "இரு, யாரோ வர்றாங்க." டிபன் கேரியர் குலுங்க யாரோ இறங்கிப் போனார்கள். அந்தச் சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கித் தேய்ந்தது. பிறகு நீ கேட்டாய், "சரி, நீ சாப்ட்டியா?"

"என்னவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லடி. அப்புறம் சொல்றேன்."

அதற்கப்புறம் நான் வந்தபோதெல்லாம் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். அம்மா இருந்தார், நர்ஸ் இருந்தார், ஆப்பிள் பையோடு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நீ சொல்லாமலே போய்விட்டாய். அந்த டிபன் கேரியர் ஆசாமியை நான் எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்! பாவம், யாருக்கோ சோறு கொண்டுபோனவர். இருந்தாலும் திட்டுகிறேன். உனக்கு ஒண்ணே ஒண்ணுதான் என்ன? பயமா, ஆசையா, என்மேல் ஏதாவது கோபமா? வண்டி ஓட்டும்போதும் பல் தேய்க்கும்போதும் அதை முடித்து முடித்துப் பார்க்கிறேன். எதுவும் உன் குரலில் வரமாட்டேன் என்கிறது.

மெர்சி அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி. இது ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும். ஆனா லைட்டு எரிஞ்சுகினே இருக்கணும், சொல்லிட்டேன்" என்றார். படியில் இறங்கப் போனவர் திரும்பி, "சிமெண்ட்ல உக்கார்ந்தா சில்லுன்னு இருக்கும்மா. ஒரு பலகை போட்டுடு" என்றார்.

நீ சொன்ன மாதிரியே கட்டினேன். படிக்கு முதுகு காட்டும் மேடை, அதன்மேல் அக்கா கேட்ட பலகை, மில் பக்கம் ஜன்னல், சத்தத்தை முழுங்க மேல்தளத்தில் தென்னை நார் அட்டை. ஆனால் கேட்குமா கேட்காதா என்று சோதித்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேஸ்திரியை உட்காரவைத்து ரகசியமாகப் பேசச் சொன்னேன். "இன்னா மேடம் பேசறது? சிமெண்டு லோடு வரலன்னு பேசட்டுமா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். விட்டுவிட்டேன்.

இன்று விடுதி வாசலில் மெர்சி அக்கா பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, ஆளையே காணோம்?" மேலே லீக்கேஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டேப்பை ஆட்டிக் காட்டினேன். லீக்கேஜுக்கு டேப் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் பெண்கள் என்னை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். துடைப்பம் இருந்தால் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலை மடக்கி, நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். பலகைமேல் யாரோ பழைய பெட்ஷீட்டை மடித்துப் போட்டிருந்தார்கள். என் காலடி கேட்டுச் சட்டென்று திரும்பினாள். பேச்சு நின்றுபோனது. கண் சிவந்திருந்தது. இங்கே உனக்கு என்ன வேலை என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

திரும்பிவிட்டேன். நான் போய்விட்டது அவளுக்குத் தெரியட்டும் என்று டேப்பைக் கைப்பிடிக் கம்பியில் டங் டங்கென்று தட்டிக்கொண்டே இறங்கினேன். வாட்டர் ஃபில்டர் பக்கம் வந்ததும் தட்டுவதை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக் காதைக் கொடுத்தேன். மில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான். மேலேயிருந்து ஒரு சொல்கூட இறங்கி வரவில்லை.

நீ பாதியில் விட்ட அந்தப் பேச்சு இன்னும் என்னிடமே இருக்கிறது. அது என்னை ஓரிடத்தில் உட்காரவிடாது, விடவும் வேண்டாம்.

கீழே மெர்சி அக்கா, "இன்னாம்மா, அதுக்குள்ள பார்த்துட்டியா?" என்று கேட்டார்.

"இன்னொரு நாள் வர்றேன்க்கா" என்றேன். "மேல ஆள் இருக்காங்க."