தொண்ணூறு நாள் விரதம்

4-8-2003, திங்கள்
கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஜூன் மாதம் பட்டு நூல் வாங்க பெங்களூர் போனபோது, லாட்ஜில் ஒரு பெண்ணோடு இருந்தாராம். "ஒரே தடவைதான் கலா. பேப்பர்ல எய்ட்ஸ் பத்திப் போட்டிருந்தான். அதிலேர்ந்து தூக்கமே இல்ல."

அதற்குப் பிறகு என்னிடமும் வந்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமைகூட.

கீரையை முழுக்க ஆய்ந்து முடித்தேன்.

6-8
பெருமாளுக்கு ஒரு மண்டலம் விரதம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நாற்பத்தெட்டு நாள் தனிப்பாய். எந்த நோயும் அதற்குள் தெரிந்துவிடும் அல்லவா? நாட்டு மருந்தே அந்தக் கணக்கில்தானே கொடுக்கிறார்கள்.

19-8
கனவு. சாயத்தொட்டியின் சிவப்புத் தண்ணீர் தெருவில் மெதுவாக வருகிறது. சத்தமே இல்லை. அதில் நடக்கிறேன், காலுக்கு இதமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மகள் ஸிந்துஜாவுக்குத் தலை வாருகிறேன், கூந்தல் சிவக்கிறது. பால் சிவக்கிறது. விளக்குச் சுடரும். "அழகா இருக்குதும்மா" என்கிறாள்.

2-9
காய்ச்சலா? என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். வெயில்தான்.

23-9
மண்டலம் முடிந்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ஆலோசனை சொல்லும் பெண், பிரியதர்ஷினி, சின்ன வயசு. "மண்டலக் கணக்கு இதுக்கு ஒத்து வராதும்மா. கடைசியா சேர்ந்த நாள்லேர்ந்து மூணு மாசம். நவம்பர்ல ரெண்டு பேரும் வாங்க. தொடலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம், அதுல வராது."

வெளியே தெருவே தண்ணீருக்கடியில் இருப்பது போல இருந்தது. பஸ் மிதந்து போனது.

27-9, புரட்டாசிச் சனி
வரதர் கோயிலுக்காக முசரவாக்கத்திலிருந்து நாத்தனார் ரேணுகாம்பாள் வந்தார். "மண்டலம் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்னாடி தனிப்பாய்? எந்தச் சாமிடி உனக்கு மட்டும் நாளைக் கூட்டிக்கினே போவுது? எந்தம்பி எளைச்சுப் பூட்டான்!"

முட்டி வலி, தங்கப் பல்லியைத் தொட அவரால் படியேற முடியவில்லை. நான் ஏறித் தொட்டு வந்தேன். தொட்டவரின் கை பட்டாலும் நோய் போகும் என்பார்கள். "பல்லியத் தொட்ட கைய என் முட்டில வையிம்மா."

என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. தொட்டால் வராது என்று தெரியும். தெரிந்துமா?

"சரிதான், பெரிய எடத்து அம்மா! தொட மாட்டாங்களாம்."

15-10
துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நின்றேன். யாருக்காக முதலில் வேண்டுவது? இருபது வருடமாக அவர் பெயர்தான். இன்று என் பெயரைச் சொன்னேன்.

4-11
இருவருக்கும் இல்லை.

அவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதார். பிறகு மல்லிகைப்பூ வாங்கினார். "அப்பாடா. இதோட மறந்துடலாம் கலா."

மறக்கணுமாம். எனக்கு எதுனா ஆயிருந்தா? ஸிந்துஜா எங்க போயிருப்பா? — மூன்று மாதம் பயந்துகொண்டே இருந்ததில், கோபப்படவே நேரமில்லாமல் போயிருக்கிறது. இன்றுதான் வந்தது. பூவைச் சாமிக்கு வைத்துவிட்டேன்.

11-11
"விரதந்தான் முடிஞ்சுதே" என்றார். பாயை விரித்துக்கொண்டே, "இன்னும் நாள் இருக்குது" என்றேன். எத்தனை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

12-11
பெங்களூர் போகிறார். பெட்டியை எப்போதும் நான்தான் அடுக்குவேன். இன்று அதைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்தேன். வேட்டியை மடிக்கத் தெரியவில்லை அவருக்கு. நெடுநேரம் மடித்துக்கொண்டிருந்தார்.