கண்ணாடிக்கு முதுகு இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். தம்பிக்கு முனிசிபாலிட்டி வேலை நிரந்தரமாகிவிட்டது, துரை இப்போது நம் சலூனில் முடிவெட்டிக்கொள்ள மாட்டாராம்.

கடைப் பக்கம் கலவரமா என்று நீ போனில் கேட்டபோது ஒன்றுமில்லை என்றேனே, அது பொய். எதிரே தேர்தல் கூட்டத்தில் பேசிய பஸ் கண்டக்டரை ஆளுங்கட்சி ஆட்கள் கட்டையால் அடித்தார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நம் கடையையே பார்த்து நின்றார்கள். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த எனக்கும் முதுகுதான் அந்தப் பக்கம். ஆனால் முன்னால் கண்ணாடி இருக்கிறதே அம்மாடி. ஓங்கியது யார், மிதித்தது யார், எல்லாம் தெரிந்தது. அத்தனை பேரும் என்னிடம் தலையைக் கொடுக்கிறவர்கள், யாருக்கு எங்கே சுழி என்பதுகூட அத்துப்படி.

மறுநாள் இன்ஸ்பெக்டர் விசாரித்தார். திரும்பி நின்னிருந்தேன் சார் என்றேன். பொய்யில்லை பார், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கூட வந்த ஏட்டு, நாங்களும் அப்படித்தாண்ணே நின்னோம் என்று சிரித்துத் தோளில் தட்டினார். அந்த ஒரு அண்ணேயில் என்னையும் அவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டார். கூசிப்போனேன். யாருக்கு ஓட்டுப் போட்டவன் என்று பார்க்காமல் அடிக்குக் குறுக்கே நிற்கத்தானே போலீஸ் என்று நாற்காலியில் உட்காருகிறவர்களிடமெல்லாம் லெக்சர் அடிக்கிறவன் நான். அவர்களுக்காவது மேலிடத்து உத்தரவு என்று ஒரு சாக்கு உண்டு, எனக்கு யார் உத்தரவு போட்டார்கள்?

இப்போது கலவரம் செய்ததாக அடிபட்டவர் மேலேயே வழக்கு. அவர் மனைவி கடைக்கு வந்தார், கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், போய்விட்டார். வீட்டில் சொன்னேன். கண்ணாடியை வேணா கழட்டிடலாம், மூஞ்சியை எங்க கழட்டி வைப்பீங்க என்றாள் உன் அம்மா.

திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகிறேன், கண்டக்டரின் வக்கீலிடம் சொல்லியாகிவிட்டது. உன் அப்பன் வீரன் என்று நினைத்துவிடாதே, யார் கன்னத்தையாவது கீறிவிடுவேனோ என்று கடையில் சவரத்தை நிறுத்தியிருக்கிறேன், கத்தரி மட்டும்தான். தம்பி வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பயம். நீ என்ன சொல்கிறாய் என்று அவனிடம் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பிறகு கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நீங்களே வெட்டி விடுங்கப்பா, கோர்ட்டுக்கு நானும்தானே வரணும் என்றான்.

குழந்தைக்கு எங்கள் முத்தம். நீங்கள் மூவரும் நீடூழி வாழவேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நான் போனில் சொன்னதை மாப்பிள்ளையிடம் மறக்காமல் திருத்திச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
திரும்பி நின்ற உன் அப்பா