நிலாவுக்குப் போகத் தகுதி

மாசி, வியாழக்கிழமை

தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் இன்று டீக்கடையில் பேசியது மண்டைக்குள்ளேயே ஓடுகிறது.

ராக்கெட் செய்கிற இடத்தில் மகள் கனகாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அவர் மட்டும் வாங்கவில்லை.

"இங்கயே ஒருத்தனுக்கொருத்தன் அடிச்சுக்கறான். நிலாவுக்குப் போனா அங்கயும் வேலி போட்டு வெட்டிக்குவான். மனுசனுக்கு இன்னும் அந்தத் தகுதி வரல கண்ணு. உம்புள்ளைய வேற வேலை பாக்கச் சொல்லு" என்றார்.

சொன்னவர் யார்? பாகப்பிரிவினைத் தகராறில் எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலை மண் போட்டு அடைத்து வைத்திருந்தவர். நட்ட நாற்று காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க மாமா, அடைச்சு வெச்சது நீங்க. தகுதியில்லாம போனது எம்புள்ளையா?" என்று கேட்டுவிட்டேன்.

நேராக வாய்க்காலுக்குப் போய் மண்வெட்டியால் அடைப்பை வெட்டினேன். பாதித் தண்ணீர் அவர் வயலுக்கும் போகிற மாதிரிதான் வெட்டினேன். பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தவர், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் கனகாவிடம் போனில் சொன்னேன். "பெரியப்பா சொல்றதுலயும் பாதி நெசந்தானம்மா" என்றாள்.

இருக்கட்டுமே. மனிதர்கள் எல்லோரும் திருந்தட்டும் என்று காத்திருந்தால், இவளைப் படிக்க நாமக்கல் பஸ்ஸில் ஏற்றியே இருக்க மாட்டேன். அவள் போகட்டும். இவர் நாளைக்கே வாய்க்காலை மறுபடி அடைக்கலாம். அதை நான் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன்.